காரின் கம்பளத்தில் சிந்திய எண்ணெய்

சமையலறைத் தரையிலே எண்ணெய் சிந்தினால் எவரும் கலங்குவதில்லை. கொஞ்சம் மாவையோ மரத்தூளையோ தூவி ஒற்றியெடுத்து, சவர்க்கார நீர்விட்டுத் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகின்றோம். உடுத்த சேலையிலே சிந்தினாலும் துவைப்பதற்குக் கல்லும் கிணறும் இருக்கின்றன. காரின் உள்ளே விரித்த கம்பளத்திற் சிந்திவிட்டால் மட்டும் கைகால் ஓடுவதில்லை. அதனைக் கழற்றிக் கொடியிலே போடவும் முடியாது. சும்மா விட்டுவிடவும் முடியாது. வெயில் ஏற ஏற அதன் வாடை வண்டி முழுவதும் பரவி, ஏறுகின்றவர் அனைவரையும் முகஞ்சுளிக்க வைத்துவிடும். அந்த அந்தரத்திலே கையில் அகப்பட்ட எதையாவது ஊற்றித் தேய்த்துவிடலாம் என்று எண்ணுவது மனித இயல்பே. ஆயினும், இந்தக் கறையினால் வருகின்ற கேடுகளிற் பெரும்பாலானவை எண்ணெயினால் வருவன அல்ல. அதன்மேல் நாம் ஊற்றுவனவற்றால் வருவனவே. இதனை நாம் பட்டறிந்து எழுதுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலே ஒரு கலியாண வீட்டை முடித்துக்கொண்டு குடும்பமாகக் கொழும்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மாமி எம்மை வழியனுப்பும்போது, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் இரண்டு போத்தல்களைப் பத்திரிகைத் தாளிற் சுற்றி, முருங்கைக்காய்க் கட்டுக்கும் பனங்கட்டிக் குட்டானுக்கும் இடையிலே, பின்னிருக்கையின் காலடியில் வைத்துவிட்டார். ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டும்வரை யாதொரு குறையுமில்லை. அதற்கப்பால் வீதியின் குறுக்கே ஒரு மாடு வந்துவிடத் திடீரெனப் பிரேக் பிடிக்க நேர்ந்தது. ஒரு போத்தலின் மூடி கழன்றுபோனதை எவரும் காணவில்லை. வவுனியாவிலே தேநீருக்கென்று இறங்கியபோதுதான், பின்னிருக்கையில் உறங்கிவந்த சின்ன மகளின் செருப்புகள் எண்ணெயில் மிதக்காத குறையாகக் கிடந்தமை கண்ணிற் பட்டது.

வீதியோரத்திலே ஒரு கராஜ் இருந்தது. அங்கே நின்ற இளைஞர் நல்ல மனமுள்ளவர். “பயப்படாதையுங்கோ ஐயா, பெற்றோல் கொஞ்சம் விட்டுத் துடைச்சால் அடையாளமே இராது” என்று சொல்லி, அரைப் பேணி பெற்றோலைக் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்தும் விட்டார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். எண்ணெய் மறைந்தது போலத்தான் இருந்தது. மழை தூறத் தொடங்கியமையாற் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பத்துப் பதினைந்து கிலோமீற்றர் போகுமுன்னரே மகள் தலை சுற்றுகின்றது என்றாள். எமக்கும் நெற்றிப்பொட்டிலே ஒரு வலி எழுந்தது. முன்னிருக்கையில் இருந்த மைத்துனரோ தூக்கத்தைக் கலைப்பதற்கு ஒரு சிகரட்டை வாயில் வைத்து நெருப்புப்பெட்டியையும் கையிலெடுத்துவிட்டார். அந்த நேரத்தில் மகள் வாந்தியெடுத்தாள். வண்டியை ஓரங்கட்டி நான்கு கதவுகளையும் திறந்தோம். மைத்துனர் பதறி இறங்கியபோது அந்தக் குச்சி உரசப்படாமலே கீழே விழுந்தது.

அன்று அக்குச்சி உரசப்பட்டிருந்தால் யாது நேர்ந்திருக்கும் என்பதைப் பின்னர் ஆறுதலாக இருந்து எண்ணிப் பார்த்தபோது எமக்கு உடல் வியர்த்தது. பெற்றோல், பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியைத் தந்துகொண்டிருக்கும் திரவமாகும். அவ்வாவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு பாரமானது. ஆகையால் மேலெழுந்து போகாமல், தண்ணீர் பள்ளத்தில் தேங்குவது போலக் காரின் காலடியிலே தேங்கி நிற்கும். நூறு பங்கு காற்றிலே ஒன்றரைப் பங்கு அளவுக்கு அந்த ஆவி கலந்தாலே தீப்பற்றுவதற்குப் போதும். தீக்குச்சிதான் வேண்டுமென்பதுமில்லை. செயற்கை நூற் கம்பளத்தை அழுத்தித் தேய்க்கும்போது எழுகின்ற மின்பொறியும், உள்விளக்கை எரிக்கும் ஆளியிலே தோன்றும் சிறு பொறியும் அதற்குப் போதியன. மூடிய வண்டிக்குள்ளே அதனைச் சுவாசிப்பது மயக்கத்தையும் வாந்தியையும் உண்டாக்கும் என்பதற்கு எம் மகளே சாட்சி.

மண்ணெண்ணெய் அவ்வளவு கொடிதன்று என்பார் உளர். அது 38 பாகைக்கு மேலேதான் தீப்பற்றும் ஆவியைத் தரும் என்பது உண்மையே. ஆனால், எமது நாட்டு வெயிலில் மூடி நிறுத்திய கார் ஒன்றின் உட்புறம் 50 பாகையை எளிதிற் கடந்துவிடுகின்றது. அன்றியும், மண்ணெண்ணெய் முற்றாக ஆவியாகிப் போவதில்லை. நல்லெண்ணெய்க் கறையை நீக்கி மண்ணெண்ணெய்க் கறையை வைத்துக்கொள்வதில் என்ன இலாபம்?

எண்ணெயை எண்ணெய்போன்ற திரவத்தாற் கரைத்தெடுக்கும் இந்த எண்ணம் இன்று நேற்று வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரிற் சாயத்தொழில் நடத்திய ஜொலி என்பவரின் வீட்டிலே, பணிப்பெண் ஒருத்தி விளக்கைத் தட்டிவிட, அதிலிருந்த எரிதிரவம் மேசை விரிப்பிலே கொட்டி, கொட்டிய இடம் மட்டும் கறை நீங்கி வெளுத்திருந்ததாம். நீரின்றி உடை வெளுக்கும் தொழில் அவ்வாறே பிறந்ததென்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எப்படியாயினும், அத்தொழிலின் தொடக்க காலத்திலே தீவிபத்துகள் மலிந்திருந்தன என்பது வரலாறு. தீக்கு அஞ்சித்தான் பின்னர் காபன் நாற்குளோரைட்டைக் கையாண்டனர். அது எரியாதது, தீயணைக்கும் கருவிகளிலும் நிரப்பப்பட்டது. 1950களில் வீட்டுக் கறை நீக்கிகளாக விற்கப்பட்ட சிறிய போத்தல்கள் பலவற்றில் இருந்தது அதுவே. ஆனால், அதன் ஆவி ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது தெளிவாகியமையால் 1970இல் அமெரிக்காவில் வீட்டுப் பாவனையிலிருந்து அது விலக்கப்பட்டது. ஓசோன் படையைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்படி 2010இன் பின்னர் எம்போன்ற நாடுகளிலும் அத்தகைய பாவனைக்கு இடமில்லை. பாட்டன் காலத்து அலுமாரியிலே அந்தப் போத்தல் ஏதும் இருக்குமாயின் திறந்து பார்க்கவே வேண்டா.

இனி, கம்பளத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். காலிலே தட்டுப்படும் மயிரடர்ந்த மேற்படை மட்டுமே கம்பளம் என்று எண்ணிவிடுகின்றோம். அதன் கீழே அந்த நூல்களைப் பிடித்துவைக்கும் பசைப்படை ஒன்று உண்டு. அதற்கும் கீழே சத்தத்தையும் வெப்பத்தையும் தடுப்பதற்காகப் பஞ்சு மெத்தை போன்ற தடித்த படை ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் அடியிலே இரும்புத் தகடு. பெற்றோல் ஊற்றினால் நடுவிலுள்ள பசை இளகும். நூல்கள் கொத்துக் கொத்தாய்க் கழன்றுவரும். எமது வண்டியிலும் அந்த இடத்திலே உள்ளங்கையளவு வழுக்கை இன்றும் இருக்கின்றது. தண்ணீரை வாளியோடு ஊற்றினாலோ, அது கீழுள்ள பஞ்சுப் படையிலே போய் ஒளிந்துகொள்ளும். மேலே தொட்டால் உலர்ந்தது போலிருக்கும். கீழே கிழமைக்கணக்கில் ஈரம் நின்று, பூஞ்சணம் பிடித்து, தகட்டிலே துருவும் ஏறும். இக்காலத்துக் கார்களில் கம்பளத்தின் கீழாகவும் இருக்கைகளின் கீழாகவும் மின்கம்பிகள் ஓடுகின்றன. இருக்கையின் அடியிலே மஞ்சள் நிறப் பொருத்தி தென்பட்டால் அது விபத்தின்போது விரியும் காற்றுப்பைக்கு உரியது. அதனைக் கழற்றுவதோ நனைப்பதோ தகாது.

கம்பளம் போனால் வேறொன்று வாங்கிப் போடலாமே என்பார்க்கு ஒரு சொல். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில், உள்ளதைப் பேணுவதன் அருமையை எமது நாட்டார் நன்றாகவே கற்றுக்கொண்டனர். அச்சிலே வார்த்து அந்தந்த வண்டியின் தரைக்கென்றே வளைத்தெடுத்த கம்பளம் கடையிலே முழக்கணக்கில் வெட்டி வாங்கும் பொருளன்று.

இக்காலக் காரின் கம்பளம் பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன், நைலோன், பொலியெஸ்டர் என்னும் செயற்கை நூல்களால் ஆனது. இவற்றுள் பொலிபுரொப்பிலீனுக்கு ஒரு விந்தைக் குணம் உண்டு: அது நீரை வெறுக்கும், எண்ணெயை விரும்பும். கடலிலே கப்பலெண்ணெய் கொட்டுண்டால் அதனை உறிஞ்சியெடுக்க விரிக்கும் பாய்கள் இதே பொருளாற் செய்யப்படுவன. அத்தகைய நூலிலே விழுந்த எண்ணெய் வெறுந் தண்ணீருக்கு அசையுமா? பழைய ஆங்கிலக் கார்களை இன்றும் வைத்திருப்போர் சிலரிடம் கம்பளி மயிராலான விரிப்பு இருக்கலாம்; அதற்குச் சோடா வகைகள் ஆகா, காரம் கம்பளியை அரித்துவிடும்.

ஆகவே, முதல் வேலை தண்ணீரோ சவர்க்காரமோ அன்று. எண்ணெயை எண்ணெயாகவே வெளியேற்றுவது. எவ்வளவு எண்ணெயை உலர்ந்த நிலையில் எடுக்கின்றோமோ அவ்வளவும் பின்னாலே சவர்க்காரத்தோடு போராட வேண்டாத எண்ணெய். வெள்ளைத் துணி, பழைய துவாய், அச்சு மையில்லாத கடதாசி, இவற்றுள் எது கிடைக்கின்றதோ அதனை மேலே வைத்து உள்ளங்கையால் அழுத்துக. தேய்த்தல் கூடாது, தேய்த்தால் எண்ணெய் அகலப் பரவும், ஆழவும் போகும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி அழுத்தி வருதல் வேண்டும். துணி நனைந்தவுடன் மாற்றுக. எம்மிலே பலர் இரண்டு முறை ஒற்றிவிட்டு அலுத்துப் போகின்றனர். ஒரு போத்தல் எண்ணெய்க்கு இருபது முப்பது முறை ஒற்றவேண்டியிருக்கும் என்று முன்னரே மனத்தைத் தயார்செய்துகொண்டால் அலுப்பு வராது.

அடுத்தது மாத்தூவல். சோளமா, முகத்துக்குப் பூசும் பவுடர், அப்பச்சோடா ஆகிய மூன்றும் எண்ணெயை உறிஞ்சும். எமக்குப் பிடித்தது பவுடரே. மா வகைகளில் மிச்சம் நின்றால் இரண்டாம் நாளே எறும்புகள் ஊர்வலம் புறப்பட்டுவிடும். கோதுமை மாவோ ஈரம் பட்டவுடன் பசையாகிவிடும். தடிப்பாகத் தூவி, விரலால் மெல்ல அமுக்கி, ஓர் இரவு முழுவதும் விடுக. காலையில் அது மஞ்சளித்துக் கட்டியாகியிருக்கக் காணலாம். கரண்டியால் வாரியெடுத்து, வெக்கியூம் கிளீனர் இருப்பின் அதனால் உறிஞ்சியும், இல்லையேல் தும்புத் தூரிகையால் தட்டியும் நீக்கிவிட்டு, மறுபடியும் ஒருமுறை தூவுக. ஹைபிரிட் கார் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றுட் பலவற்றிலே பின்னிருக்கையின் பக்கத்தில் மின்கலத்துக்குக் குளிர்காற்று இழுக்கும் சாளரம் ஒன்று உண்டு. பவுடர் தூவும்போது அதனைத் துணியால் மூடுதலும், வண்டியை இயக்குமுன் அத்துணியை மறவாது எடுத்தலும் வேண்டும்.

மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு தட்டிலே எண்ணெய்த் துளிவிட்டுப் பாடசாலை வெண்கட்டியின் முனையை அதிலே நிறுத்துக. எண்ணெய் தானாகவே மேலேறுவதைக் காணலாம். குத்துவிளக்கின் திரியிலே எண்ணெய் ஏறுவதும் இதே நியாயத்தால்தான். கம்பளத்திலே, துடைத்து முடித்த மறுநாள் கறை மறுபடியும் முளைத்துவிட்டதென்று பலர் எம்மிடம் முறையிட்டிருக்கின்றனர். அது புதுக்கறையன்று. கீழே பஞ்சுப் படையில் ஒளிந்திருந்த எண்ணெய், மேற்படை உலர உலர நூல்களின் வழியே ஏறிவந்தது. அதற்கு மருந்து, ஒவ்வோர் இரவும் அவ்விடத்தில் உலர்ந்த துவாயொன்றை நான்காக மடித்து வைத்து, மேலே பாரமான புத்தகங்களையோ செங்கல்லையோ ஏற்றிவிடுவதே.

எல்லா எண்ணெயும் ஒரே குணமுடையன அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24, 25 பாகையிலே உறையும். கடல் மட்டத்துக்கு 1,800 மீற்றருக்கு மேலேயிருக்கும் நுவரெலியாவிலே அது போத்தலுக்குள் வெண்மெழுகுபோல இருப்பதை மலைநாட்டு நேயர்கள் அறிவர். அங்கு அது சிந்தினால் விடியுமட்டும் பொறுத்திருந்து கரண்டியாற் சுரண்டிவிடலாம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பனிக்கட்டிகளைப் பிளாத்திக்குப் பையிலிட்டு முடிந்து, கறைமீது கால்மணிநேரம் வைத்தால் அதே பயன் உண்டு. நெய்க்கும் இம்முறை பொருந்தும். நல்லெண்ணெய் இவ்வாறு உறைவதில்லை. அதிலே நிரம்பாக் கொழுப்பமிலங்கள் மிகுதி. அவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, நாட்செல்லச் செல்லப் பிசுபிசுத்து, மஞ்சளித்து, பிசினைப்போல நூலோடு ஒட்டிவிடும். தேங்காயெண்ணெய் ஒரு கிழமை பொறுக்கும், நல்லெண்ணெய் பொறுக்காது. இத்தகைய எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையிலே குவித்துவைப்பதும் தவறு. எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் பிறக்கும். குவியலுக்குள்ளே அது சேர்ந்து புகையத் தொடங்குவதும் உண்டு. விரித்துக் காயப்போட்ட பின்னரே எறிதல் வேண்டும்.

எண்ணெயின் பெரும்பங்கு வெளியேறிய பின்னரே சவர்க்காரத்தின் முறை வருகின்றது. கொழுப்பு என்பது கிளிசரோலும் கொழுப்பமிலங்களும் சேர்ந்த சேர்வை என்பதையும், சவர்க்காரம் காய்ச்சுகையில் அவை பிரிகின்றன என்பதையும் தெளிவுபடுத்தியவர் செவ்ரோல் என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர். 1823இலே அவர் தமது ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். 1786இற் பிறந்து 1889இல் மறைந்த அப்பெரியார் நூறாண்டைக் கடந்து வாழ்ந்தவர். சவர்க்கார மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை நீரை விரும்புவது, மறுமுனை எண்ணெயை விரும்புவது. எண்ணெய்ப் பொட்டுகளைச் சுற்றி அவை வளைத்து நின்று, நீரோடு கைகோத்து வெளியே இழுத்து வருகின்றன.

யாழ்ப்பாணத்து நேயர்கள் இதிலே ஒரு சங்கடத்தைக் காண்பர். குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. கிணற்று நீரிலே கல்சியம் மிகுதி. கட்டிச் சவர்க்காரம் அந்நீரோடு சேர்ந்தால் நுரைப்பதற்கு முன்னர் சாம்பல்நிறப் பொருக்காகத் திரையும். குளியலறை வாளியின் விளிம்பிலே படிவது அதுவே. கம்பளத்திலே அது படிந்தால் எண்ணெய்க் கறைக்குப் பதிலாகச் சவர்க்காரக் கறை என்று ஆகிவிடும். ஆகையாற் பாத்திரம் கழுவும் திரவத்தையே நாம் விரும்புகின்றோம். அது கடின நீரிலும் இவ்வாறு திரைவதில்லை. மழைநீர் சேர்த்து வைத்திருப்போர் அதனைப் பயன்படுத்தலாம்.

அளவு மிகவும் முக்கியம். அரை லீற்றர் இளஞ்சூட்டு நீருக்கு ஒரு தேக்கரண்டி திரவம் தாராளம். அதனைக் கையால் அடித்து நுரையெழச் செய்து, நுரையை மட்டும் பஞ்சினால் அள்ளிக் கறைமீது வைத்து, பழைய பற்தூரிகையால் வட்டமிட்டு மெல்லத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் ஒற்றுக. பின் வெறும் நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் மூன்று நான்கு முறை ஒற்றிச் சவர்க்காரத்தை நீக்குக. சவர்க்காரம் நின்றுவிட்டால் அது ஒட்டுந்தன்மையுடன் செருப்புத் தூசை இழுத்து, ஒரு மாதத்திலே முன்னையினும் கருமையான திட்டை உண்டாக்கும். கறை போகவில்லையே என்று சவர்க்காரத்தை இருமடங்கு போடுவோர் இதனை எண்ணிப் பார்க்க. எம்முறையை மேற்கொள்ளுமுன், முன்னிருக்கையின் கீழே கண்ணிற் படாத ஓரிடத்திலே சிறிது பூசி நிறம் கழல்கின்றதா என்று பார்த்துக்கொள்ளுதல் நல்லது.

சோற்றுப் பொதி அவிழ்ந்து கறிக்குழம்பு கொட்டியதாயின் எண்ணெயோடு மஞ்சளும் சேர்ந்திருக்கும். அப்பச்சோடாவோ சவர்க்காரமோ பட்டவுடன் அது குருதிபோலச் சிவந்து வீட்டாரை வெருட்டும். அஞ்சவேண்டா, காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவே. வினாகிரி ஒரு பங்கை நீர் நான்கு பங்கிற் கலந்து ஒற்றினால் மீண்டும் மஞ்சளாகும். மிச்ச மஞ்சளை வெயிலிடம் விட்டுவிடலாம். கதவைத் திறந்து வெளிச்சம் விழ நிறுத்திவைத்தால் சில நாள்களில் அது தானே வெளிறும்.

கிறீசும் எஞ்சின் எண்ணெயும் வேறு சாதி. கிறீஸ் என்பது கனிய எண்ணெயை ஒருவகை உலோகச் சவர்க்காரத்தாற் கெட்டியாக்கியதே. சவர்க்காரத்தை நீக்கச் சவர்க்காரம் தேடுகின்றோம்! அதிலே இரும்புத்தூளும் கரியும் கலந்திருப்பதாற்றான் அந்தக் கருமை. அதன்மேல் பவுடர் தூவிப் பயனில்லை. முதலிலே மழுங்கிய கத்தியாலோ கரண்டி விளிம்பாலோ வழித்தெடுக்க வேண்டும். அதன்பின் பாத்திரம் கழுவும் திரவத்தை நீர் கலவாமல் ஓரிரு துளி விட்டுப் பற்தூரிகையால் ஊட்டி, பத்து நிமிடம் பொறுத்து, மேலே கூறியவாறு ஒற்றியெடுக்கலாம். கடைசியில் நிற்கும் நிழலுக்கு, மருந்துக் கடையில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை வெள்ளைத் துணியிலே தோய்த்து ஒற்றலாம்; இதுவும் தீப்பற்றுவதே. கதவுகள் நான்கும் திறந்திருக்க, எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்க, அருகிலே நெருப்பு இல்லாதிருக்க, தேக்கரண்டியளவே துணியில் விடலாம், கம்பளத்தில் ஊற்றலாகாது. பாவித்த எஞ்சின் எண்ணெயிலே தோலுக்கு ஆகாத நச்சுப் பொருள்கள் சேர்ந்திருப்பதால் கையுறை அணிதல் வேண்டும். சலவைத் தூள்களிற் சேர்க்கப்படும் நொதியங்கள் உணவுக் கொழுப்பை உடைப்பன. இவ்வகைக் கனிய எண்ணெயை அவை தீண்டுவதில்லை.

கடதாசியை மேலே விரித்து இஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தால் எண்ணெய் கடதாசிக்கு ஏறிவிடும் என்றொரு பாட்டி வைத்தியம் உண்டு. பருத்திக்கு அது சரி. பொலிபுரொப்பிலீன் ஏறக்குறைய 160 பாகையிலே உருகிவிடும். பருத்திக்கு வைக்கும் சூடோ 200 பாகையளவிலே நிற்கும். கறை இருந்த இடத்திலே பளபளக்கும் ஒரு பிளாத்திக்குத் தட்டு உருவாவதைக் காண விரும்புவோர் மட்டும் முயலலாம்.

உலர்த்துதல் பாதி வேலை. வடக்கிலே ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்திலும், கொழும்பிலே மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவ மழையிலும் கம்பளத்தை நனைத்தால் வெயிலை நம்பியிருக்க முடியாது. ஒன்றிரண்டு நாள் ஈரம் நின்றாலே பூஞ்சணம் பிடித்துவிடும். அக்காலங்களில் மாத்தூவலோடு நிறுத்திக்கொண்டு, வெயில் வரும்வரை நுரை வேலையைத் தள்ளிவைப்பதே புத்தி. நனைத்தபின், கதவோரத்துப் பிளாத்திக்குப் பட்டி எளிதிற் கழலுமாயின் கழற்றி, கம்பளத்தின் விளிம்பைச் சற்றே உயர்த்தி, சுருட்டிய பத்திரிகைத் தாள்களைக் கீழே செருகி, மேசை மின்விசிறியை ஒரு கதவருகே வைத்து மறுகதவையும் திறந்துவிடுக. தாள்கள் ஈரம் குடித்தவுடன் மாற்றவேண்டும்.

கறையைப் போக்க மாட்டாதவர் அதன்மேல் இன்னொரு மிதியடியை விரித்து மறைப்பதுண்டு. பின்னிருக்கையின் காலடியிலாயின் பாதகமில்லை. சாரதியின் காலடியில் ஒன்றின்மேலொன்றாக இரண்டு மிதியடி விரிப்பது உயிருக்கே உலைவைக்கும். எண்ணெய்ப் பிசுக்கில் மேலது வழுக்கி முன்னே நகர்ந்து வேகமிதியை அமுக்கிப் பிடித்துவிடலாம். மிதியடி வேகமிதியிலே சிக்கும் அபாயம் கருதி, 2009இல் அமெரிக்காவிலே ரொயோற்றா நிறுவனம் ஏறக்குறைய 38 இலட்சம் கார்களைத் திருப்பியழைத்தது. சாரதியின் பக்கத்தில் எண்ணெய் சிந்தினால் கம்பளத்தை நினைக்குமுன் மிதிகளின் இறப்பரையும் செருப்பின் அடியையும் சவர்க்கார நீராற் கழுவித் துடைத்தல் வேண்டும். அது முடியும்வரை வண்டியை எடுக்கலாகாது.

எமது வண்டிக்கு ஒன்பது நாள் பிடித்தது. முதல் இரண்டு நாளும் பெற்றோல் வாடை போவதற்காகக் கதவுகளைத் திறந்துபோட்டு, பிள்ளைகளை அண்டவிடாது காவலிருந்தோம். பின்னர் மூன்று இரவு பவுடர், நான்கு இரவு துவாயும் செங்கல்லும், நடுவிலே இருமுறை நுரை. வழுக்கையைச் சுற்றி ஒரு மெல்லிய நிழல் இன்னும் உண்டு, அறிந்தவர்க்கே தெரியும். அடுத்த முறை யாழ்ப்பாணம் போனபோது, மாமி நல்லெண்ணெயைத் திருகுமூடியுள்ள பிளாத்திக்குக் கலனில் ஊற்றி, அதனை ஒரு பையிலிட்டு முடிந்து, அந்தப் பையை வாளியொன்றிலே நிறுத்தி, வாளியைத் தாமே தூக்கிவந்து டிக்கியிலே வைத்தார். வாளியை மட்டும் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டோம்.